தேர்ச்சியாளர் குடிவரவும் புத்தாக்கமும் ஊதிய ஏற்றத்தாழ்வும்: அமெரிக்க ஆய்வுகள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

2025ஆம் ஆண்டு செப்டெம்பர் 19ஆந் திகதி ஐக்கிய அமெரிக்காவின் ஜனாதிபதி வெளியிட்ட பிரகடனம் ஒன்று, எச்-1பி எனப்படும் வீசாவின்கீழ் அந்நாட்டுக்கு வெளியிலிருந்து புதிதாக ஒரு தேர்ச்சியாளரை அழைக்க விரும்பும் நிறுவனம் 100,000 டொலர் செலுத்த வேண்டுமென விதித்தது. அப்பிரகடனத்தை ஆதரித்தோரும் எதிர்த்தோரும் தத்தம் கட்சிக்குச் சான்றாகப் பொருளியலாளரின் ஆய்வுகளையே எடுத்துக் காட்டினர். வெளிநாட்டுத் தேர்ச்சியாளர் புதியன படைக்கின்றனர், அவர்களைத் தடுத்தால் நாடு பின்னடையும் என்றனர் ஒரு சாரார். அவர்கள் உள்நாட்டாரின் ஊதியத்தைக் கீழே தள்ளுகின்றனர் என்றனர் மறுசாரார். ஒரே ஆய்வுத்துறையிலிருந்து இரு தரப்பினரும் தமக்கு வேண்டிய படைக்கலங்களை எடுத்துக்கொள்ள முடிகிறதெனின், அவ்வாய்வுகள் எவற்றை அளந்தன, எவற்றை அளக்காது விட்டன என்பது நின்று நோக்கப்பட வேண்டியதாகின்றது.

இவ்விவாதத்தின் சட்டப் பின்னணி சுருக்கமாகக் கூறத்தக்கது. 1924ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்த நாட்டின் அடிப்படையில் விதித்த ஒதுக்கீட்டு முறையை 1965ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியதைத் தொடர்ந்து, ஆசிய நாடுகளின் பொறியியலாளரும் வைத்தியரும் பெருந்தொகையினராக அமெரிக்கா செல்லும் வழி திறந்தது. 1990ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் எச்-1பி வீசாவைத் தோற்றுவித்து, ஆண்டொன்றுக்கு 65,000 பேர் என்னும் உச்ச எல்லையையும் இட்டது. கணினித் தொழில் பெருகிய காலத்தில் அவ்வெல்லை 1999இல் 115,000 ஆகவும் 2001இல் 195,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. 2004இல் மீண்டும் 65,000க்கு இறங்கிற்று. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதுமாணிப் பட்டமோ அதற்கு மேற்பட்டதோ பெற்றோருக்கெனப் பின்னர் 20,000 இடங்கள் சேர்க்கப்பட்டன. இவ்வேற்ற இறக்கங்கள் யாவும் அரசியற் பேரங்களின் விளைவுகளே. ஆயின் பொருளியலாளருக்கு அவை எதிர்பாராது கிடைத்த பரிசோதனைக் கூடமாயின. மனிதரைக் கொண்டு பரிசோதனை நடத்தவியலாத ஒரு துறைக்கு இத்தகைய வாய்ப்பு எளிதில் அமைவதன்று.

நம்பிக்கைத் தரப்பின் வாதத்தைத் திறம்பட முன்வைத்தவர்களுள் ஜெனிபர் ஹண்ட், மார்ஜொலேன் கோத்தியே-லுவாசெல் ஆகிய இருவரும் முதன்மையானவர்கள். 2010இல் வெளிவந்த அவர்களது ஆய்வின்படி, மக்கட்டொகையில் பட்டம் பெற்ற குடிவரவாளரின் பங்கு நூற்றுக்கு ஒன்றாற் கூடும்போது தலைக்குரிய ஆக்கவுரிமைகளின் எண்ணிக்கை 9 முதல் 18 சதவீதம் வரை உயர்கின்றது. அதே ஆண்டில் வில்லியம் கேர், வில்லியம் லிங்கன் ஆகியோர், எச்-1பி எல்லை உயர்ந்த காலங்களில் இந்திய, சீனப் பெயருடையோரின் கண்டுபிடிப்புகள் பெருகினவென்றும், அதனால் உள்நாட்டாரின் கண்டுபிடிப்புகள் குறிப்பிடத்தக்க அளவிற் குறையவில்லையென்றும் காட்டினர். 1990இன் பின்னரான காலத்தை ஆராய்ந்த பிறிதோர் ஆய்வு, கண்டுபிடிப்பாளருள் 16 சதவீதத்தினரான குடிவரவாளர் ஆக்கவுரிமைகளில் 23 சதவீதத்துக்கு உரியோராயிருந்தமையைக் கண்டது.

இவ்வெண்கள் வியப்பூட்டுவன. எனினும் இவற்றிலிருந்து குடிவரவாளரிடம் ஏதோ தனியான படைப்பாற்றல் குடிகொண்டுள்ளது என்னும் முடிபுக்கு விரைவது பொருந்தாது. ஹண்டும் அவரது இணையாசிரியரும் தாமே காட்டியிருப்பது யாதெனின், குடிவரவாளர் ஆக்கவுரிமை பெறும் வீதம் உயர்ந்திருப்பதற்குக் காரணம் அவர்களுட் பெரும்பகுதியினர் விஞ்ஞான, பொறியியற் பட்டங்கள் பெற்றிருப்பதே என்பதாகும். கலைப்பட்டதாரியாகிய அமெரிக்கரைப் பொறியியலாளராகிய இந்தியரோடு ஒப்பிட்டால் வேறுபாடு தோன்றாதிருக்குமா? பொறியியலாளரைப் பொறியியலாளரோடு ஒப்பிடுங்கால் அவ்வேறுபாட்டின் பெரும்பகுதி மறைந்துவிடுகின்றது. இன மேன்மை பேசும் புகழுரைகளுக்கு இவ்வாய்வு இடந்தரவில்லை. அவற்றைப் பேசுவோர் அதனை முழுமையாக வாசித்தவர்களாகத் தோன்றவில்லை.

ஆக்கவுரிமை என்னும் அளவுகோலும் ஐயத்துக்குரியது. புத்தாக்கம் என்பது ஒரு கருத்து உற்பத்தியாகி, பயன்பாட்டுக்கு வந்து, உற்பத்திமுறையை மாற்றும் நெடிய நிகழ்முறை. ஆக்கவுரிமையோ அந்நிகழ்முறையின் ஓரிடத்தில் இடப்படும் சட்ட முத்திரை. பெரு நிறுவனங்கள் போட்டியாளரைத் தடுப்பதற்காகவும், வழக்குகளில் தம்மைக் காத்துக்கொள்வதற்காகவும் ஆக்கவுரிமைகளைக் குவிப்பதுண்டு. மறுபுறத்தில், கணினி மென்பொருளிற் செய்யப்படும் எண்ணற்ற திருத்தங்களும் மருத்துவமனையில் ஓர் அறுவை வைத்தியர் கைக்கொள்ளும் புதிய முறையும் ஆக்கவுரிமைப் பதிவேட்டில் இடம்பெறுவதேயில்லை. எண்ணுவதற்கு இலகுவானது என்பதே இவ்வளவுகோலின் தலையாய தகுதி போலும். எச்-1பி வீசாக்களைப் பெருந்தொகையாகப் பெற்ற நிறுவனங்களுட் பல, பிற நிறுவனங்களுக்குக் கணினிச் சேவை வழங்குபவை; அவை ஆக்கவுரிமை தேடும் வழக்கமுடையனவல்ல. அவற்றின் ஊழியர் ஆற்றும் பணியைப் பயனற்றதெனக் கொள்ள முடியாது. ஆயின் வீசாவின் எண்ணிக்கை கூடினாற் புத்தாக்கமும் அதே விகிதத்திற் கூடும் என்னும் எதிர்பார்ப்பு அங்கே தளர்ந்துபோகின்றது.

இவ்விடத்து இரு வரலாற்று நிகழ்ச்சிகளை ஒப்புநோக்குதல் பயன் தரும். இரண்டும் தேர்ச்சியாளர் கூட்டங்கூட்டமாக அமெரிக்காவை அடைந்த நிகழ்ச்சிகள். இரண்டும் அமெரிக்காவின் தேவையினால் அன்றி, பிறநாடொன்றின் அரசியற் கொந்தளிப்பினால் விளைந்தவை. ஆயினும் அவற்றின் பயன்கள் ஒன்றற்கொன்று நேர்மாறாயின.

முதலாவது, 1933இல் ஜேர்மனியில் நிகழ்ந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 7ஆந் திகதி நாசி அரசு இயற்றிய சட்டம் யூதரை அரச பணிகளினின்றும் நீக்கிற்று. பல்கலைக்கழக ஆசிரியர் அரச பணியாளராதலின் அவர்களும் அச்சட்டத்தின் பிடிக்குட்பட்டனர். கணிதத்துக்கும் பௌதிகத்துக்கும் உலகின் தலைநகராக விளங்கிய கொட்டிங்கன் பல்கலைக்கழகம் சில மாதங்களில் வெறுமையாயிற்று. எமி நோய்தர் அமெரிக்காவின் பிறின் மோர் பெண்கள் கல்லூரிக்குச் சென்றார்; றிச்சார்ட் குரான்ட் நியூயோர்க்கிற் புதியதொரு கணித மரபை நிறுவினார்; ஜேம்ஸ் பிராங்கும் அமெரிக்கா சேர்ந்தார்; மக்ஸ் போர்ண் பிரித்தானியாவிற் புகலிடங் கண்டார். பெற்றா மோசர், அலெசான்ட்ரா வோயனா, பாபியான் வால்டிங்கர் ஆகிய மூவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு, இவ்வாறு வந்தவர்களுள் இரசாயனவியலாளரை எடுத்துக்கொண்டது. அவர்கள் ஆராய்ச்சி செய்த துறைகளையும், ஜேர்மனியிலேயே தங்கிவிட்ட பிற இரசாயனவியலாளரின் துறைகளையும் ஒப்பிட்டதில், அகதிகள் வந்த துறைகளில் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளரின் ஆக்கவுரிமைகள் 31 சதவீதத்தினால் உயர்ந்தமை தெரியவந்தது. இங்குக் கவனிக்கத்தக்கது இவ்வுயர்வு தோன்றிய வழியாகும். ஏற்கெனவே அத்துறைகளில் இருந்தவர் கூடுதலாக உழைத்ததனால் அன்று. புதியவர் பலர் அத்துறைகளுக்குட் புகுந்ததனாலேயே அது பெரிதும் நிகழ்ந்தது. அகதியாய் வந்த ஆசிரியர் ஒரு துறையின் வாயிலைத் திறந்து வைத்தார். மாணவரும் உடனுழைப்போரும் அதனுள் நுழைந்தனர்.

இரண்டாவது நிகழ்ச்சி சோவியத் ஒன்றியத்தின் வீழ்ச்சி. சோவியத் கணிதவியலாளர் நெடுங்காலம் மேற்குலகத்துடன் தொடர்பற்றிருந்தனர். வகையீட்டுச் சமன்பாடுகள் முதலாய சில துறைகளில் அவர்கள் ஆழ்ந்த புலமையை வளர்த்துக்கொண்டனர். 1992இன் பின்னர் எல்லைகள் திறந்தபோது ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வெளியேறினர். அவர்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் அமெரிக்காவை அடைந்தனர். ஜோர்ஜ் போர்ஹாஸ், கேர்க் டொரான் ஆகிய இருவரும் 2012இல் இதன் விளைவை ஆராய்ந்தனர். சோவியத் கணிதவியலாளர் வலிமை பெற்றிருந்த துறைகளில் ஈடுபட்டிருந்த அமெரிக்கரின் வெளியீடுகள் குறைந்தன. அவர்கள் தரத்திற் குறைந்த நிறுவனங்களுக்கு இடம்பெயரும் வாய்ப்பும் கூடிற்று. வந்தவர் புலமையில் உயர்ந்தவர் என்பதில் ஐயமில்லை. எனினும் மொத்த அறிவு பெருகியதாகக் காண்பது கடினமாயிற்று.

ஒன்றில் வாயில் திறந்தது, மற்றதில் ஆசனம் பறிபோயிற்று. இம்முரண்பாட்டை எவ்வாறு விளக்குவது? வந்தவரின் திறமையில் இதற்கு விளக்கம் இல்லை. இரு கூட்டத்தினரும் உலகத் தரத்தினரே. விளக்கம் வந்துசேர்ந்த இடத்தின் அமைப்பில் உளது. 1930களின் பின்னர் அமெரிக்க இரசாயனத் தொழில் விரிந்துகொண்டிருந்தது. தொழிற்சாலை ஆய்வுகூடங்கள் பெருகின. புதிய பொருளுக்குச் சந்தை இருந்தது. 1990களின் கணிதத் துறைகளிலோ பேராசிரியர் பதவிகளின் தொகை ஏறக்குறைய நிலையானது. தலைசிறந்த சஞ்சிகைகளின் பக்கங்களும் அவ்வாறே. ஒருவர் அமர மற்றொருவர் எழ வேண்டிய நிலை. குடிவரவு புத்தாக்கத்தை வளர்க்குமா என்னும் பொதுவினாவுக்குப் பொதுவிடை கிடையாது என்பதும், அறிவுக்கு இடமளிக்கும் முதலீடும் பதவிகளும் விரிகின்றனவா என்பதே முதலிற் கேட்கப்படவேண்டியது என்பதும் இதனாற் புலப்படும். வியப்பு யாதெனின், இவ்விரு ஆய்வுகளும் பெரும்பாலும் தனித்தனியே மேற்கோள் காட்டப்படுகின்றன. திறந்த கதவை வேண்டுவோர் ஜேர்மன் அகதிகளையும், மூடிய கதவை வேண்டுவோர் சோவியத் கணிதவியலாளரையும் எடுத்தாள்கின்றனர். இரண்டையும் அருகருகே வைத்து நோக்கும்போதே உண்மை வெளிப்படுகின்றது.

இனி, எச்-1பி பற்றிய அண்மைக்கால ஆய்வுகளுக்கு வருவோமாயின், அங்கும் இத்தகைய பிளவே காணப்படும். விண்ணப்பங்கள் எல்லையை மீறிய ஆண்டுகளில் அரசு லொத்தர் முறையால் வீசாக்களை வழங்கிற்று. வென்ற நிறுவனத்தையும் தோற்ற நிறுவனத்தையும் ஒப்பிட்டால் வீசாவின் தூய விளைவை அறியலாம் என்பது பொருளியலாளரின் கணிப்பு. டொரான், கெல்பர், ஐசன் ஆகியோர் 2006, 2007ஆம் நிதியாண்டுகளுக்குரிய லொத்தர்களை ஆராய்ந்து 2022இல் வெளியிட்ட முடிபு நம்பிக்கைத் தரப்பினருக்கு ஏமாற்றமளிப்பது. கூடுதலாக ஒரு வீசா கிடைத்தபோது நிறுவனத்தின் மொத்த வேலைவாய்ப்பு மிகச் சிறிதளவே உயர்ந்தது; அதாவது, வந்தவர் பெரும்பாலும் வேறொருவரின் இடத்திலேயே அமர்ந்தார். ஆக்கவுரிமைகளிற் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவுமில்லை. ஆனால் 2007இல் நடைபெற்ற முதலாவது பெரிய லொத்தரை எடுத்துக்கொண்ட பிறிதோர் ஆய்வுக் குழு, வென்ற நிறுவனங்கள் அளவிற் பெருகினவென்றும், பட்டம் பெற்ற உள்நாட்டார் நிகரமாக வெளியேற்றப்பட்டமைக்குச் சான்றில்லையென்றும் கூறுகின்றது.

எதை நம்புவது? லொத்தர் என்பது நேர்த்தியான அளவுகருவி. ஆயின் அது அளப்பது மிகச் சிறிய ஒன்றையே. முதலாவது ஆய்வு எடுத்துக்கொண்ட லொத்தர்கள், எல்லை நிரம்பிய இறுதி நாளில் வந்துசேர்ந்த விண்ணப்பங்களுக்கிடையே மட்டும் நடைபெற்றவை. முன்னதாகவே விண்ணப்பித்த நிறுவனங்கள், தமக்கு வேண்டிய ஆளை நன்கறிந்திருந்த நிறுவனங்கள், அவ்வொப்பீட்டுக்கு வெளியே நிற்கின்றன. மேலும், ஒரு நிறுவனத்திற் பிறந்த கருத்து அடுத்த நிறுவனத்துக்குப் பரவுவதே புத்தாக்கத்தின் இயல்பெனின், வென்ற நிறுவனத்தையும் தோற்ற நிறுவனத்தையும் ஒப்பிடும் முறை அப்பரவலைக் காணவியலாதது. அண்டை வயலுக்குப் பாய்ந்த நீரை ஒரு வயலின் வரம்புக்குள் நின்று அளக்க முடியாது.

அப்பரவலையும் சேர்த்து அளக்க முனைந்தவர்கள் ஜியோவானி பெரி, கெவின் ஷி, சாட் ஸ்பார்பர் ஆகியோர். அவர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வு, 1990 முதல் 2010 வரை 219 அமெரிக்க நகரங்களை எடுத்துக்கொண்டது. விஞ்ஞான, தொழில்நுட்பத் துறைகளில் உழைக்கும் வெளிநாட்டாரின் பங்கு மொத்த வேலைவாய்ப்பில் நூற்றுக்கு ஒன்றாற் கூடும்போது, பட்டம் பெற்ற உள்நாட்டாரின் ஊதியம் 7 முதல் 8 சதவீதமும், பட்டம் பெறாத உள்நாட்டாரின் ஊதியம் 3 முதல் 4 சதவீதமும் உயர்ந்தன என்பது அதன் முடிபு. அதுமட்டுமன்றி, அவ்விருபது ஆண்டுகளில் அமெரிக்காவின் உற்பத்தித்திறன் வளர்ச்சியில் 30 முதல் 50 சதவீதம் வரை இவ்வுழைப்பாளரின் வருகையால் விளைந்தது என்றும் அவர்கள் கணித்தனர். இவ்விறுதிக் கணிப்பு நம்புதற்கரியது. முன்னரே வெளிநாட்டுப் பொறியியலாளர் குழுமியிருந்த நகரங்கள், கணினித் தொழில் வேரூன்றியிருந்த நகரங்களுமாகும். அந்நகரங்கள் வளர்ந்தமைக்குக் காரணம் வந்தவர்களா, அன்றி வந்தவர்களையும் ஈர்த்த அத்தொழிலா என்பதைப் பிரித்தறிய ஆசிரியர்கள் பெரிதும் முயன்றுள்ளனர். எனினும் அம்முயற்சி முற்றாக வெற்றி பெற்றதெனக் கூறவியலாது.

ஆயின் அவ்வாய்வின் எண்களுக்குள் அதன் ஆசிரியர்களை மகிழ்வித்த செய்தியைக் காட்டிலும் முக்கியமான பிறிதொரு செய்தி உண்டு. பட்டதாரியின் ஊதியம் 7 அல்லது 8 சதவீதத்தாலும் ஏனையோரின் ஊதியம் 3 அல்லது 4 சதவீதத்தாலும் உயருமாயின், இருவருக்குமிடையேயுள்ள இடைவெளி விரிகின்றது. 'யாவர்க்கும் நன்மை' என்னும் தலைப்பின்கீழ் ஏற்றத்தாழ்வு அமைதியாக வளர்கின்றது.

இது தற்செயலன்று. ஊதிய ஏற்றத்தாழ்வு பற்றி டச்சுப் பொருளியலாளர் ஜான் டின்பேர்கன் 1975இல் முன்வைத்த கருத்து இன்றும் பயனுடையது. தொழில்நுட்பம் தேர்ச்சி பெற்ற உழைப்புக்கான கேள்வியை உயர்த்துகின்றது, கல்வி அவ்வுழைப்பின் நிரம்பலை உயர்த்துகின்றது. இவ்விரண்டுக்குமிடையே நிகழும் ஓட்டப்பந்தயமே தேர்ச்சியுடையோருக்கும் தேர்ச்சியற்றோருக்கும் இடையேயுள்ள ஊதிய வேறுபாட்டை நிர்ணயிக்கின்றது. இச்சட்டகத்தில் தேர்ச்சியாளர் குடிவரவு ஒரே வேளையில் இருபக்கமும் ஓடுகின்றது. வந்த பொறியியலாளர் நிரம்பலைக் கூட்டுவதால் பொறியியலாளரின் ஊதியம் குறைந்து இடைவெளி ஒடுங்க வேண்டும். அவரே புதிய தொழில்நுட்பத்தைப் படைப்பாராயின் பொறியியலாளருக்கான கேள்வி உயர்ந்து இடைவெளி விரிய வேண்டும். எனவே, தேர்ச்சியாளர் குடிவரவு புத்தாக்கத்தை வளர்க்கின்றது, அத்துடன் ஏற்றத்தாழ்வையும் குறைக்கின்றது என ஒருசேரப் பாராட்டுவோர் தம் கூற்றின் இரு பாதிகளையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கவில்லை. புத்தாக்கம் எந்த அளவுக்கு உண்மையோ அந்த அளவுக்கு ஏற்றத்தாழ்வு குறையும் என்னும் எதிர்பார்ப்பு வலுவிழக்கும். இம்முரண்பாட்டை விலக்க வேண்டுமாயின், புதிய தொழில்நுட்பம் தேர்ச்சியற்றோரின் உழைப்பையும் வேண்டி நிற்கும் தன்மையுடையது எனக் காட்ட வேண்டும். கடந்த நாற்பதாண்டுக் கணினித் தொழில்நுட்பத்தின் வரலாறு அதற்குச் சாதகமாக இல்லை.

ஊதியம் பற்றிய விவாதத்திற் பெரிதும் ஒதுக்கி வைக்கப்படும் மூன்றாமவர் ஒருவர் உளர். அவர் முதலாளி. ஜோன் பௌண்ட், கௌரவ் கன்னா, நிக்கலஸ் மொராலெஸ் ஆகியோர் 1990களின் கணினிப் பெருக்கத்தை ஆராய்ந்து, வெளிநாட்டுக் கணினியியலாளர் வந்திராவிடின் 2001இல் அமெரிக்கக் கணினியியலாளரின் ஊதியம் 2.6 முதல் 5.1 சதவீதம் வரையும், அவர்களது வேலைவாய்ப்பு 6.1 முதல் 10.8 சதவீதம் வரையும் கூடுதலாயிருந்திருக்கும் எனக் கணித்தனர். அதே வேளையில் பொருட்களின் விலை குறைந்தது, நுகர்வோர் பயனடைந்தனர், கணினித்துறை நிறுவனங்களின் இலாபம் கணிசமாக உயர்ந்தது. போர்ஹாஸ் முதலானோர் உள்நாட்டு உழைப்பாளியின் இழப்பை விரித்துரைத்தனர்; பெரி முதலானோர் உள்நாட்டு உழைப்பாளியின் பயனை விரித்துரைத்தனர். உள்நாட்டவர், வெளிநாட்டவர் என்னும் பிரிவே இரு சாராருக்கும் முதன்மையாயிற்று. உழைப்பவர், உழைப்பிப்பவர் என்னும் பிரிவு அட்டவணையின் கடைசி வரிக்குத் தள்ளப்பட்டது.

இக்குறைபாடு வீசாவின் சட்ட அமைப்பை நோக்குமிடத்து மேலும் தெளிவாகும். எச்-1பி வீசாவைக் கோருவது உழைப்பாளியல்லர், தொழில்தருநரே. மூன்றாண்டுக்கு வழங்கப்பட்டு ஆறாண்டுவரை நீடிக்கத்தக்க அவ்வீசாவில் உள்ளவர் வேறு நிறுவனத்துக்கு மாறுவதை 2000ஆம் ஆண்டுச் சட்டம் ஓரளவு இலகுவாக்கியது உண்மையே. ஆனால் நிரந்தர வதிவுரிமையை நாடுவோர் பெரும்பாலும் அதற்கும் தொழில்தருநரின் தயவையே வேண்டி நிற்க, எந்தவொரு நாட்டில் பிறந்தோருக்கும் ஆண்டுதோறும் 7 சதவீதத்துக்கு மேற்படாத இடங்களே என்னும் விதி இந்தியாவிற் பிறந்தோரைப் பல்லாண்டு வரிசையில் நிறுத்தியது. அண்மை ஆண்டுகளில் அங்கீகரிக்கப்பட்ட எச்-1பி வீசாக்களிற் பத்தில் ஏழு பங்கு இந்தியாவிற் பிறந்தோருக்குரியவை என்பதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வேலை இழந்தால் அறுபது நாட்களுக்குள் வேறு வழி காணவேண்டிய ஒருவர் ஊதிய உயர்வு கேட்கத் துணிவாரா? சட்டம் 'நடைமுறை ஊதியம்' கொடுக்கப்பட வேண்டுமென்கிறது. ஆயின் 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர் வகுக்கப்பட்ட நான்கு படிகளுட் கீழுள்ள இரண்டும், அத்தொழிலில் அவ்விடத்து நிலவும் இடைநிலை ஊதியத்துக்குக் கீழேயே அமைந்தன. ஊதியத்தைத் தாழ்த்துவது குடிவரவாளரின் வருகை மட்டுமன்று. அவருடைய கால் கட்டப்பட்டிருக்கும் முறையுமாகும். இவ்விரண்டையும் பிரித்தறியாத ஆய்வு, சட்டத்தின் குற்றத்தை மனிதரின் தலையிற் சுமத்தும் ஆபத்துக்குரியது.

வந்தோரைப் பற்றி இவ்வளவு எழுதியோர், அவர்கள் விட்டுவந்த நாடுகளைப் பற்றி எழுதியது சொற்பம். 1970களில் ஜக்தீஷ் பகவதி, மூளைசாலிகள் வெளியேற்றத்தினால் வறிய நாடுகள் இழப்பதை ஓரளவு ஈடுசெய்வதற்காக, வெளியேறிய தேர்ச்சியாளரின் வருமானத்தின்மீது தனி வரி விதிக்கப்பட வேண்டுமென முன்மொழிந்தார். எந்த அரசும் அதை நிறைவேற்றவில்லை. இலங்கை போன்றதொரு நாட்டிலிருந்து நோக்கும்போது அம்முன்மொழிவின் நியாயம் புலப்படும். 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்ததன் பின்னர், இந்நாட்டில் உருவான வைத்தியரும் பொறியியலாளரும் பாலர் வகுப்பிலிருந்து பட்டம் வரை பொதுமக்களின் வரிப்பணத்தினாற் பயின்றவர்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் உழைப்பும் நெல் விளைவித்தவரின் உழைப்பும் அதிற் கலந்துள்ளன. அக்கல்வியின் பயன் வேறொரு நாட்டின் ஆக்கவுரிமைப் பதிவேட்டில் எண்ணப்படும்போது, அதன் செலவு எந்த ஏட்டிலும் எழுதப்படுவதில்லை. அதேவேளை, வெளியேறியோர் அனைவரையும் ஊதியம் தேடிச் சென்றோராகக் கொள்வதும் தவறு. 1933இன் ஜேர்மன் விஞ்ஞானிகள் கூடிய சம்பளம் நாடிச் செல்லவில்லை. 1983 யூலை வன்செயல்களின் பின்னர் இந்நாட்டைவிட்டு நீங்கிய தமிழ்த் தொழில்வாண்மையாளர் பலரும் அவ்வாறு செல்லவில்லை. தன் புலமையாளரைத் துரத்தும் நாடு, பின்னர் அவர்களிடம் வரி கேட்கும் உரிமையை எங்ஙனம் பெறும் என்னும் வினாவுக்குப் பகவதியின் திட்டத்தில் விடை இல்லை.

இழப்பு எப்போதும் முழு இழப்பன்று என்பதற்கு இந்தியா சான்று. கன்னாவும் மொராலெசும் காட்டுவதன்படி, அமெரிக்க வீசாவை எதிர்பார்த்து இந்திய மாணவர் பெருந்தொகையினர் கணினியியல் பயின்றனர். வீசா கிடைக்காதவர் உள்நாட்டில் தங்கினர். காலம் முடிந்தவர் அனுபவத்தோடு திரும்பினர். இந்திய மென்பொருள் ஏற்றுமதி அவ்வாறு தளைத்தது. பெங்களூரும் ஹைதராபாத்தும் அமெரிக்கக் கனவின் எச்சங்களிலிருந்து எழுந்தன என்று கூறின் மிகையாகாது. ஆயின் பெருந்தொகையினர் பயில்வதற்குக் கல்லூரிகளும், திரும்பியோரை ஏற்பதற்கு நிறுவனங்களும் அங்கு இருந்தன. சில நூறு வைத்தியர் வெளியேறினாலே மாவட்ட வைத்தியசாலையின் சத்திரசிகிச்சைக் கூடம் முடங்கிவிடும் சிறிய நாட்டுக்கு அந்த உதாரணத்தை அப்படியே பொருத்துவது இயலாது.

எல்லையை இறுக்கினால் உள்நாட்டு ஊதியம் காக்கப்படும் என்னும் வாதத்துக்கு 2004ஆம் ஆண்டின் அனுபவமே மறுப்பாக உள்ளது. எச்-1பி எல்லை 195,000இலிருந்து 65,000க்கு இறங்கியபோது அதனை நம்பியிருந்த பன்னாட்டு நிறுவனங்கள் யாது செய்தன என்பதைப் பிரிட்டா கிளெனன் ஆராய்ந்துள்ளார். அவை அமெரிக்கரைத் தேடிப் போகவில்லை. கனடாவிலும் இந்தியாவிலும் சீனாவிலும் உள்ள தம் கிளைகளில் ஆட்களைச் சேர்த்தன. ஆராய்ச்சிப் பணிகளையும் அங்கு நகர்த்தின. மனிதர் கடக்க முடியாத எல்லையை மூலதனம் கடந்தது. 2025இல் விதிக்கப்பட்ட 100,000 டொலர் கட்டணத்தைச் செலுத்தும் வல்லமை பெரு நிறுவனங்களுக்கு உண்டு. செலுத்த விரும்பாவிடின் வேலையையே வெளிநாட்டுக்கு அனுப்பும் வல்லமையும் அவற்றுக்கு உண்டு. இளம் நிறுவனங்களுக்கு இவ்விரண்டும் அரிது. ஏற்கெனவே வந்து, வதிவுரிமை வரிசையில் நின்று, ஊதிய உயர்வு கேட்கத் தயங்கும் பொறியியலாளரின் நிலையையோ அக்கட்டணம் எவ்வகையிலும் மாற்றவில்லை.